நாலு தவணைக் கையெழுத்து

சேசு மரி சூசை

சூரிச், 14-5-1933

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செபாஸ்டியன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் தயவில் என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது, உன் தொண்டைக்கட்டு விட்டதா என்று எழுது.

உறையில் சுவிட்சர்லாந்துத் தபால்தலையைப் பார்த்ததும் ஜெர்மனி எங்கே போயிற்று என்று கேட்பாய். ஜெர்மனி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நான்தான் வந்துவிட்டேன். என் பேராசிரியர் ஹிர்ஷ்பெர்க்கைப் பற்றி எழுதியிருக்கிறேனே, ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்க்காமலே ரப்பர் பாலைக் கரைத்துக் குடித்த மனிதர். அவர் யூதர் என்பதற்காகப் புது அரசாங்கம் போன மாதம் வேலையை விட்டு நீக்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இனி ஊருக்குத்தான் என்று நினைத்து ட்ரங்குப் பெட்டியைக் கட்டி ஹாம்பர்க்கிலிருந்து கப்பலில் ஏற்றிவிட்டேன். பெட்டி போன மூன்றாம் நாள் பேராசிரியர் வீட்டுக்குக் கூப்பிட்டார். சூரிச்சில் தன் நண்பர் ஒருவரிடம் எனக்காகப் பேசி வைத்திருந்தார். தன் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டுகிற நேரத்தில் என்னை நினைத்திருக்கிறார், பார்.

இப்போது விஷயம் இதுதான். டாக்டர் பட்டத்துக்கு ஆறு தவணை, தவணைக்கு அரை வருஷம், படிக்க வேண்டும். நான் அங்கே நாலு முடித்தேன். அந்த நாலையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டால் இன்னும் இரண்டுதான் பாக்கி. எடுத்துக்கொள்ளாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தோட்டக் கம்பெனி எனக்குக் கொடுக்கும் உதவி அடுத்த வருஷக் கடைசி வரைதான். ஆரம்பிப்பது என்றால் திரும்பி வருவது என்றே அர்த்தம்.

நாலு தவணைக்கும் சாட்சி ஒரு புத்தகம். ஜெர்மனியில் மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. தவணை ஆரம்பத்திலும் முடிவிலும் பேராசிரியர் அதில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் படித்ததாகக் கணக்கு. பழைய பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன், நீக்கப்பட்டவர் பேரில் எந்தச் சான்றும் தருவதற்கில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. புத்தகமோ கம்பளிச் சட்டைகளுக்கு அடியில், பெட்டிக்குள், உன்னைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறது. சாம்பல் நிற அட்டை. பெட்டி வந்ததும் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. என்னைத் திட்டுவதைத் தனிக் கடிதத்தில் வைத்துக்கொள்.

உன் தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை

பினாங்கு, 20-6-1933

அன்புத் தம்பிக்கு அக்கா ஐரீனின் ஆசீர். அம்மா முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டே தினமும் சவேரியார் கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு வருகிறாள். என் தொண்டை நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகளை அடக்குகிற தொண்டை, அதற்கு ஒன்றும் வராது. அங்கே குளிருக்குக் கம்பளி இல்லாமல் என்ன செய்கிறாய்? அதையும்தான் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாயே, கெட்டிக்காரா.

கப்பல் கம்பெனியில் போய்க் கேட்டேன். பெட்டி ஜூலை நடுவில் வரும் என்றார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்து, "சாயச் சாமான் லேட்டா வருதா டீச்சர்?" என்றார். ரசாயனச் சாமான் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன், அதிலிருந்து நீ சாயப்பட்டறை வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு நெருங்குகிறது. நற்சான்றுப் பத்திரங்களில் பெயர் எழுதுகிற வேலை வழக்கம்போல என் தலையில். நூற்றுப் பதினாறு பெயர், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அச்சடித்தது என்று நினைத்து ஒரு துரைசானி விரலால் தேய்த்துப் பார்த்தாள். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லி விளங்க வைக்க முடியுமா? "தம்பி படிப்பு பூரா அந்த ஒரு பொஸ்தகத்துலதாம்மா இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டேன். அன்றிலிருந்து நாலு மெழுகுவர்த்தி அதிகம் எரிகிறது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது: "ராசா, பயப்படாத. அன்னம்மா தாயார் பாத்துக்குவாங்க. நேரத்துக்குச் சாப்புடு."

அன்புள்ள அக்கா,
ஐரீன்


சேசு மரி சூசை

சூரிச், 18-7-1933

அன்புள்ள அக்காவுக்கு. சுகமாயிருக்கிறேன், நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கம்பளிச் சட்டை ஒன்றை வீட்டுக்காரம்மாள் இரவல் கொடுத்திருக்கிறாள், இரண்டு செபாஸ்டியன் உள்ளே போகலாம்.

அக்டோபர் பதினாலுக்குள் புத்தகம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். பெட்டி வந்த அன்றே அனுப்பிவிடு. மெழுகுத்துணியில் சுற்று. மடக்காதே. ஏழாம் பக்கத்திலிருந்து பதினாலாம் பக்கம் வரைதான் உயிர் இருக்கிறது. பேராசிரியருக்கு இஸ்தான்புல்லில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவர் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பார்த்துச் சிரிக்காதே.

ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அக்கா. இங்கே வந்த பிறகு எனக்குத் தூக்கமே சரியில்லை. இரண்டு வருஷம் நான் செய்தது எல்லாம் ஒரு பெட்டிக்குள் கடலில் மிதக்கிறது என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மாவிடம் இதை வாசிக்காதே.

தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை

பினாங்கு, 14-8-1933

அன்புள்ள தம்பிக்கு. நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

புத்தகத்தை இன்று ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது. மெழுகுத்துணியில் சுற்றியிருக்கிறேன். இங்கே ஒரே மழை, கப்பலிலும் ஈரம் ஏறியிருக்கும், அதனால் தாள்கள் கொஞ்சம் நெளிந்திருந்தால் அதை நினைத்துக் கவலைப்படாதே. கிடைத்ததும் அதிகம் புரட்டிக்கொண்டிராமல் நேரே அலுவலகத்தில் கொடுத்துவிடு.

புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருநாள் நன்றாக நடந்தது. அம்மா போய் வந்தாள். மனது நிறைந்திருக்கிறாள்.

ஐரீன்


சேசு மரி சூசை

சூரிச், 10-9-1933

என் தங்க அக்காவுக்கு ஆயிரம் வந்தனம். புத்தகம் வந்தது, வந்தது, வந்தது! தபால்காரனைக் கட்டிப்பிடிக்கப் போனேன், மனிதன் பயந்து ஓரடி பின்னால் போய்விட்டான்.

நீ சொன்னபடி புரட்டவில்லை. மெழுகுத்துணியை அவிழ்த்தேன், அட்டையை ஒரு முத்தம் கொடுத்தேன், ஓடிப்போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். மெழுகுவர்த்தி வாசனை அடித்தது. அம்மா பீடத்தடியில் வைத்து வேண்டியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்வார்களாம்.

உன் கடிதம் ஏன் இவ்வளவு சின்னது? பரிசளிப்பு வேலையில் கையெல்லாம் வீங்கிவிட்டதா? அடுத்ததில் வட்டியும் முதலுமாய் எழுது. யாரைப் பற்றியாவது புறம் பேசு, கேட்டு எத்தனை நாளாயிற்று.

உன் தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை

சூரிச், 20-10-1933

அன்புள்ள அக்காவுக்கு. உடம்பு நலம் என்று எழுதுகிறேன், அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல. உன்னிடமிருந்து இரண்டு மாதமாய் ஒரு வரியும் இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா?

நேற்று அலுவலகத்தில் கூப்பிட்டு நிறுத்திவைத்துக் கேட்டார்கள். புத்தகத்தில் ஹிர்ஷ்பெர்க்கின் கையெழுத்து எட்டும் புது மையில், வேறு கையால் எழுதப்பட்டவை என்கிறார்கள். எழுத்துகள் நல்ல சீராக, அழகாக இருக்கின்றனவாம். பேராசிரியரின் பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எனக்கே தெரிந்தது, அக்கா. அது அவருடையது அல்ல.

படிக்காத தவணைகளைப் படித்ததாக நானே எழுதிக்கொண்டேன் என்பது அவர்கள் எண்ணம். டிசம்பர் பதினைந்தாம் தேதி பல்கலைக்கழகச் சபை கூடுகிறது. என் பேச்சை நம்பாவிட்டால் தவணைகள் போவது ஒரு பக்கம், பித்தலாட்டக்காரன் என்று பதிந்து அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தேசத்திலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்கு வாசல் திறக்காது.

எங்கே நடந்திருக்கும் என்று யோசித்து மண்டை காய்கிறது. ஹாம்பர்க் சுங்கமா, கப்பலா, தபாலா? அவர்களுக்கு இதைச் செய்து என்ன லாபம்? புத்தகம் உன் கையில் இருந்தபோது யாராவது தொட்டார்களா? உனக்குத் தெரிந்ததை எழுது. நான் செய்யவில்லை என்று நான் சொன்னால் போதாதாம், யார் செய்தது என்று கேட்கிறார்கள்.

செபாஸ்டியன்


சேசு மரி சூசை

பினாங்கு, 15-11-1933

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எழுதியது நான்தான்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். பெட்டி ஜூலை பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. அந்த வாரமே அனுப்பியிருக்கலாம். திருநாள் முடியட்டும், தாயார் பாதத்தில் ஒருமுறை வைத்து எடுத்துவிடலாம் என்று அம்மா கேட்டாள். இரண்டு வாரம்தானே என்று நானும் சரி என்றேன். தொட்டு எடுப்பாள் என்றுதான் நினைத்தேன். திருநாளன்று எனக்குப் பள்ளிக்கூடம். அம்மா பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, படகேறி, ரயிலேறிப் போனாள். சாயங்காலம் வந்து புத்தகத்தை மேஜையில் வைத்தாள். தொட்டேன், ஈரமாயிருந்தது.

"என்னம்மா இது?"

"தாயார் கோவில் ஊத்துத் தண்ணி. அட்டையில தெளிச்சா உள்ள எப்புடிடீ போகும்? கையெழுத்து இருக்குற பக்கமாப் பாத்துப் பிரிச்சு வச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் ஊத்துனேன். நீதான சொன்ன, புள்ளயோட படிப்பு பூரா அதுலதான் இருக்குன்னு."

அம்மாவின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தம்பி. உள்ளே திறந்தேன். ஏழாம் பக்கத்திலிருந்து எல்லாம் நீலமாக ஓடியிருந்தது. காய்ந்துவிடும் அம்மா, ஒன்றுமில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல வரும்? அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா மறுபடி அந்தக் கோவில் வாசலை மிதித்திருக்க மாட்டாள்.

சூலியா தெருவில் புத்தகம் தைக்கிற சீனி முகம்மது அண்ணன், நம் நூர்ஜான் அக்கா வீட்டுக்காரர், அவரிடம் கொண்டுபோனேன். தாள்களுக்கு நடுவே ஒற்றுத்தாள் வைத்து அழுத்திக் காயவைத்துக் கொடுத்தார். சாயம் போய்விட்டது, ஆனால் ஒவ்வொரு கையெழுத்தின் தடமும் மங்கலாக, பழுப்பாகத் தெரிந்தது. "டீச்சர், இத இப்படியே அனுப்புங்கலா. தண்ணி பட்டுருச்சுன்னு ஒரு கடுதாசி வையிங்க. ஓடுனது ஓடுனதாவே இருக்கட்டும். மேல கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தால்தான் கணக்கு என்று நீ எழுதியது என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை யார் கணக்கில் எடுப்பார்கள்? தடம் இருக்கிறதே, அதன் மேலேயே போவதுதானே, பொய் இல்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து எட்டையும் எழுதினேன். நூற்றுப் பதினாறு பெயரைப் பிசகாமல் எழுதின கை என்ற திமிர் வேறு. கோழி கிளறினதைப் பார்த்தால் கை சும்மா இருக்கிறதா, கொஞ்சம் நேராக்கிவிட்டது.

அனுப்பிவிட்டு உனக்குச் சொல்ல நாலுமுறை காகிதம் எடுத்தேன். உன் சந்தோஷக் கடிதம் வந்ததும் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். உன்னைக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

இத்துடன் நடந்ததை எல்லாம் எழுதி ஒரு சத்தியப் பிரமாணம் வைத்திருக்கிறேன். எழுதியது நான், எழுதச் சொன்னவர் யாருமில்லை, என் தம்பிக்கு இது தெரியாது என்று மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்கியிருக்கிறேன். என்னை நெடுநாள் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் சாட்சி போட வேண்டும் என்றார்கள், போட்டுக் கொடுத்தார்கள். என் எழுத்தையும் ஒரு தனித் தாளில் எட்டு முறை எழுதி வைத்திருக்கிறேன், ஒத்துப் பார்க்கட்டும்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். என்னைப் பற்றி நினைக்காதே.

உன் அக்கா,
ஐரீன்


சேசு மரி சூசை

சூரிச், 18-12-1933

அன்புள்ள அக்காவுக்கு. நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது கோபத்தில் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். இரண்டு மாதம் நான் கப்பல்காரனையும் தபால்காரனையும் சபித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நானே அலுவலகத்தில் சொல்லியிருப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது, சொல்லிவிட்டேன். இனிச் சந்தோஷச் செய்தி.

சபையில் உன் பிரமாணத்தை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து வாசித்தார்கள். ஊற்றுத் தண்ணீர் கட்டம் வந்தபோது ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடியில் தடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் பரிசோதனைச் சாலையிலேயே ஒரு புற ஊதா ஒளி விளக்கு இருக்கிறது. அதன் கீழே வைத்தால் பழைய மையிலிருந்த இரும்பு கறுப்பாகத் தெரியும். வைத்தார்கள். உன் அழகான எழுத்துக்கு அடியில் எட்டு இடத்திலும் கோழி கிளறியிருந்தது!

சபை நகல் அனுப்பிக் கேட்டதற்குப் பேராசிரியரும் இஸ்தான்புல்லிலிருந்து எழுதியிருந்தார். என் கையெழுத்து ஜன்மத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, எழுதியவருக்கு என் நன்றி, ஆனால் பையன் நாலு தவணையும் என் கண்முன்னால் உழைத்தான் என்று.

நாலும் கணக்கில் ஏறிவிட்டது. உன் பிரமாணம் வந்திராவிட்டால் விளக்கைத் தேடியே போயிருக்க மாட்டார்கள் என்று செயலாளர் சொன்னார். அடுத்த வருஷக் கடைசிக்குள் முடித்துவிடுவேன். சாட்சி போட்ட பெரிய மனிதர் யார்? பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடவில்லையே? எழுது.

அன்புத் தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை

பினாங்கு, 21-1-1934

அன்புள்ள தம்பிக்கு. இருவரும் சுகம். உன் கடிதத்தை வாசித்ததும் அம்மா கோவிலுக்கு ஓடினாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன், ஆனந்தம்தான்.

நீ திட்டியது சரி. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். சாட்சி போட்டவர் கோவிலுக்கு வருகிறவர்தான், நல்ல மனிதர். நீ அதையெல்லாம் மறந்துவிட்டு ரப்பர் பாலைக் கவனி.

ஐரீன்


பினாங்கு, 12-2-1934

மகன் செபாஸ்டியனுக்கு அம்மா அமலம்மாள் சொல்ல, பக்கத்து வீட்டு நூர்ஜான் எழுதுவது. (தம்பி, உங்கம்மா சொல்றத ஒரு எழுத்துக் கூட்டாம கொறைக்காம எழுதணும்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பிழை இருந்தா என்னுது.)

ராசா, நல்லாருக்கியா. நான் இருக்கேன். அக்காவுக்குத் தெரியாம இத எழுதச் சொல்றேன்.

அக்கா இப்பப் பள்ளிக்கூடத்துல இல்ல. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருக்கா. ஞாயித்துக்கெழம பூசைக்கு இங்க வருவா. வந்த அன்னைக்குத்தான் ஒனக்குக் கடுதாசி எழுதுறா, மேல பினாங்குன்னு போடணும்னு.

அந்தச் சத்தியத் தாளுக்குச் சாட்சி போட்டது பள்ளிக்கூடத்துப் பெரிய மதர். வேற யாரும் அவ்வளவு வருசம் பழக்கமில்லன்னு இவளே நேராப் போயி எல்லாத்தையும் சொல்லிருக்கா. மதர் கையெழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு, அடுத்தவங்க கையெழுத்தப் போட்ட கையால பிள்ளைங்க பரிச்சைத் தாளத் திருத்த விட முடியாது ஐரீன், வருசக் கடைசியோட நின்னுக்கன்னு சொல்லிட்டாங்க. வேல போச்சுன்னதும் நான் முட்டி வலியோட நடந்து போயி, மதர்கிட்டயே எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, தப்பு என்னுது மதர், தண்ணி ஊத்துனது நான்தான்னு அழுதேன். அவங்களும் கண்ணு கலங்கித்தான் சொன்னாங்க, தண்ணி ஒன்னுது அமலம்மா, பேனா அவளுதுன்னு.

அவ பேனா எடுத்தது எனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னு கேப்ப. அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் தூங்கல. எழுந்து வந்து கதவுகிட்ட நின்னேன். அவ எழுதிக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி அந்தப் பொஸ்தகத்துல விழுந்துறக் கூடாதுன்னு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பித் தொடச்சுக்கிட்டா. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு நான் என்ன செஞ்சுட்டேன்னு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ அவ்வளவு பாடுபடுறா, தெரியும்னு நான் எப்படிச் சொல்றது? தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஒன் கடுதாசியெல்லாம், சிலத முழுங்கிட்டு, அவ எனக்கு வாசிச்சுக் காட்டிருக்கா. எல்லாத்துலயும் மேல நலமான்னு இருக்கு. அதுக்குக் கீழ பொஸ்தகம், பொஸ்தகம். அவள ஒரு தடவ நெசமா கேளு. நான் கேட்டா நல்லாருக்கேன்ம்பா. நீ கேளு.

அமலம்மாள்


சூரிச், 10-3-1934

அக்கா,

அம்மா எழுதியிருக்கிறாள். எல்லாம் தெரியும். நூர்ஜான் அக்கா மேல் கோபப்படாதே.

பெரிய மதருக்கு நான் எழுதட்டுமா? சபைச் செயலாளரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பட்டுமா? படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்றுகூட ஒரு நாள் முழுவதும் நினைத்தேன். ஆனால் முதலில் இதைக் கேட்கிறேன், கேட்கத் தெரியாமல் இத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

செபாஸ்டியன்


சேசு மரி சூசை

நிபோங் திபால், 15-4-1934

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நான் நன்றாக இல்லை.

காலை ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்ததும் விழிப்பு வருகிறது. ஒரு நிமிஷம் பினாங்கில் இருப்பதாக நினைத்து, இன்றைக்கு நாலாம் வகுப்புக்கு என்ன பாடம் என்று யோசிக்கிறேன். பிறகுதான் ஞாபகம் வருகிறது. அந்த ஒரு நிமிஷம் தினமும் வருகிறது, பழக்கமாகவே மாட்டேன் என்கிறது.

கோபமாக இருக்கிறேன். அம்மா மேல், உன் மேல், பெரிய மதர் மேல், எல்லாரையும்விட என் மேல். போன வாரம் அம்மா இங்கே வந்தாள். ஏன் தெரியாத மாதிரி இருந்தாய் என்று நான் கேட்க, நீ ஏன் ஒண்ணுமில்லன்னு சொன்ன என்று அவள் கேட்க, இரண்டு பேரும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டோம். என் வயசில் அம்மாவிடம் அப்படிக் கத்தினது அதுதான் முதல் தடவை. பிறகு சோறாக்கிச் சாப்பிட்டோம். கொஞ்சம் பாரம் குறைந்தது.

பிள்ளைகள் இருபத்தாறு பேர். காலையில் பால்மரத்துக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வருகிறார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். எழுப்ப மனசு வருவதில்லை. வடிவம்மாள் என்று ஒருத்தி, எட்டு வயசு, வாய்ப்பாட்டில் என்னையே மடக்குகிறாள். அவளை நினைத்தால் மட்டும் நாளைக்கும் போகலாம் என்று தோன்றுகிறது.

பெரிய மதருக்கு எழுதாதே. அவர்கள் சொன்னதில் அநியாயம் இல்லை. நீ திரும்பி வருவதைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். இதற்கா நான் கூண்டில் ஏறினேன்?

ஒன்றுதான் உறுத்துகிறது. சேர்ந்த அன்று இங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பதினோரு வருஷம் என்றும் எழுதினேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி அதைப் பார்த்துவிட்டு, "அங்கருந்து ஒரு சர்ட்டிபிகேட் இருக்கா மிஸ்? எழுத்துல இல்லன்னா எண்ண முடியாதுலா" என்றார். கேட்டால் மதர் என்ன எழுதித் தருவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இல்லை என்றேன். நல்ல மனிதர்தான், சங்கடத்தோடுதான் அந்த வரியை அடித்தார். இப்போது பதிவேட்டில் நான் புது உபாத்தியாயினி, முதல் வருஷம்.

உன் நாலு தவணையை மூன்று தேசத்தில் இருந்து எழுதி, விளக்குப் போட்டுப் பார்த்து எண்ணிக்கொண்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம், பொய்யில்லை. என்னுடைய பதினோரு வருஷத்தை எண்ண யாருமில்லை. நீ படித்து முடித்துவிட்டு வா. வந்து, என் எதிரே உட்கார்ந்து, பதினோரு வருஷம் அக்கா, எனக்குத் தெரியும் என்று ஒரு தடவை வாயால் சொல். எழுத்தில் வேண்டாம்.

அக்கா,
ஐரீன்